முடிவைக் கேட்டவர்களும் கேள்வியக்காவும்

மேடையை நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே, ஆய்வுக் குழு உறுப்பினர்களே, கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களே, வணக்கம்.

நம் பேராசிரியர், நாம் எல்லோரும் கேள்வியக்கா என்று கூப்பிட்ட அந்த அம்மையார் போய்விட்டார். இங்கே பேசியவர்கள் அவரை வானளாவப் புகழ்ந்தார்கள். உயிரோடு இருந்தபோது இந்த வாய்களெல்லாம் எங்கே போயிருந்தன?

ஆய்வுத் திட்டத்தோடு யார் போனாலும் முதலில் உட்கார வைப்பார். "என்னப்பா தெரிஞ்சுக்கணும் உனக்கு? தெரிஞ்சா யாருக்கு நல்லது? நீ நெனைக்கிறது தப்புன்னா எப்படிக் கண்டுபிடிப்பே?" என்பார். என்னிடமும் அதையே கேட்டு, என் திட்டத்தைப் புரட்டினார். "தப்புன்னு தெரிய வழியே இல்லைன்னா அது ஆராய்ச்சி இல்ல தம்பி, ஆசை" என்றார். ஆறு பக்கத் திட்டத்தை அன்றே கிழித்துப் போட்டேன். என்ன மனுஷி அவர்!

அவரும் இந்த ஆய்வுக் குழுவிடம் ஒரு திட்டம் கொடுத்தார். சாயப்பட்டறைத் தெருப் பிள்ளைகள் ஏன் இருமுகிறார்கள்? புகையா, தண்ணீரா, வேறு ஏதாவதா? அவ்வளவுதான் கேள்வி. என்ன செய்தீர்கள்? நோக்கம் போதாது என்றீர்கள், திருத்தினார். முறை தெளிவில்லை என்றீர்கள், திருத்தினார். கடைசியில், என்ன முடிவு வரும் என்று உறுதியாகச் சொல்லவில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்! ஆராய்வதற்கு முன்பே முடிவைக் கேட்ட குழு உலகத்தில் உண்டா?

"முடிவு தெரிஞ்சா நான் ஏன்யா தேடப் போறேன்?" என்று என்னிடம் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. நான்காவது முறை எழுத உட்கார்ந்தவரை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது.

முன்வரிசையில் அவருடைய தங்கை இருக்கிறார். வீடு அந்தத் தெருவில்தான். மடியில் பேத்தி. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறாள். வெளியே தூக்கிப் போகச் சொல்லி யாரோ சைகை காட்டினீர்கள். வேண்டாம், இருக்கட்டும்.

அக்காவின் படத்தைக் குழுவின் அறையில் மாட்டப்போவதாகத் தலைவர் அறிவித்தார். நன்றாக மாட்டுங்கள்! நாளைக் காலை அதே திட்டம், அதே கேள்வி, உங்கள் மேசைக்கு வரும். முதல் பெயர் அக்காவுடையது, அடுத்தது என்னுடையது. என்ன முடிவு வரும் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதியிருப்பேன். திருப்பி அனுப்பினால் மறுநாளும் வரும். இது அக்கா மேல் ஆணை.

அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, இந்தப் பிள்ளையின் இருமலைக் கேட்ட காதோடு, வேண்டாம் என்று எழுதிப் பாருங்கள்.