அடுக்குமாடிக்காரர் கொடுத்த லட்டு

ஆத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"லட்டு குடுத்தப்பவே எனக்குச் சந்தேகம்க்கா."

"எந்த லட்டு?"

"எங்க தெருவுல நாப்பது வீட்டு அடுக்குமாடி கட்டுறாருல்ல, அவருதான். போர்ல தண்ணி வந்துருச்சுன்னு வீடு வீடா குடுத்தாரு."

"நல்ல மனுசன்தான?"

"அவருக்குத் தண்ணி வந்தா நமக்கு எதுக்குக்கா லட்டு? எம்புட்டு ஆழம்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே இன்னொரு லட்டைக் கையில வச்சுட்டுப் போயிட்டாரு."

"உங்க போரு?"

"முந்நூறு அடிதான்."

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்:

"லட்டை என்ன பண்ணுன?"

"தின்னுட்டோம். பிசுக்குப் போகக் கை கழுவலாம்னு மோட்டாரைப் போட்டா, குழாயில வெறும் காத்துதான் வருது."