துண்டுக்குள் பேசிய கை

திண்டுக்கல் தண்ணீருக்குக் காபி இப்படித்தான் லேசாக உப்புக் கரிக்கும். ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மலர்விழி. காது மெஷின் கடையைப் பூட்டிவிட்டு, இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். வந்தவர் புது மெஷினுக்கு அளவெடுப்பீர்கள் என்று பார்த்தால், பழைய பேட்டரி அட்டையைத்தான் கையில் எடுத்தீர்கள். ஸ்டிக்கரின் பசையில் பஞ்சும் தூசியும் ஒட்டியிருந்ததைப் பார்த்தீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஏம்மா, இதை உரிச்சு உரிச்சு ஒட்டியிருக்கீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டீர்கள். மரியாதையாகக் கேட்டவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லவேண்டும்.

உள்ளே கட்டிலில் கிடக்கிறாரே அவர், ஒட்டன்சத்திரம் மாட்டுச் சந்தையில் பேர்போன தரகர். மொக்கைச்சாமித் தரகர் என்றால் கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும் என்பார்கள். பேரை நான் சொல்வதில்லை. இன்று உங்களுக்காகச் சொன்னேன். மாட்டுத் தரகில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கைகளின்மேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று கணக்கு உண்டு. கையை முறுக்கி மூடிக்கொண்டால், உன்னோடு வியாபாரம் இல்லை, எழுந்து போ என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குக் காது மங்கியது. கொஞ்ச வருஷத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்று ஆயிற்று. சந்தையில் அதனால் குறை ஒன்றுமில்லை. துண்டுக்குள் காது எதற்கு? வீட்டில்தான் திண்டாடினார். அப்போதுதான் ஒருநாள் என் கையை இழுத்துத் தன் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, அந்தப் பாஷையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு விரல் என்றால் சாப்பாடு. இரண்டு என்றால் ஆள் வந்திருக்கிறது. பெருவிரலை அழுத்தினால் மகளிடமிருந்து போன். போகப் போக வார்த்தைகள் கூடிக்கொண்டே போயின. வெஞ்சனத்தில் உப்பு குறைவு என்பதைக்கூட என் சுண்டுவிரலைக் கிள்ளித்தான் சொல்வார்.

அவர் என் விரலைப் பிடித்தது அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான், மணவறையைச் சுற்றி வந்தபோது. அதற்கப்புறம் சந்தை, மாடு, கூட்டாளிகள். நான் அடுப்படியில் இருந்தேன். பேச ஆள் இல்லாமல் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். காது போனபிறகுதான் எனக்குப் புருஷன் கிடைத்தார். எங்கே போனாலும் என் கை அவர் கைக்குள் இருந்தது. கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னாலும் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். நான்தான் அவருக்குச் சொல்லவேண்டும். நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்வதற்கு வெட்கமாக இல்லை.

மகள் இளவேனில் நல்ல பெண்தான், கோயம்புத்தூரில் இருந்தாலும் அப்பாவின்மேல் உயிரை வைத்திருக்கிறாள். அவள்தான் உங்கள் கடைக்குக் கூட்டிவந்தாள். காதுக்குள் போகிற சின்னதா, காதுக்குப் பின்னால் மாட்டுவதா என்று நீங்கள் இரண்டையும் எடுத்து வைத்தீர்கள். மாட்டுக் கயிறு பிடித்துத் தடித்த விரலுக்கு, காதின் பின்னால் மாட்டுவதுதான் தோது என்றீர்கள், சரியாகத்தான் சொன்னீர்கள். மாட்டிவிட்டதும் அவர் முதலில் கேட்டது உங்கள் மின்விசிறிச் சத்தம். குழந்தை மாதிரிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கைக்குள் இருந்த கையை உருவிக்கொண்டார். மடியில் என் கை வெறுமையாகக் கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பராமரிப்பை எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்துவைக்கவேண்டும். காதுக்குள் போகிற அச்சில் அழுக்கு அடையாமல் துடைக்கவேண்டும். நீல மணி போட்ட டப்பாவுக்குள் வைத்தால் ஈரத்தை உறிஞ்சும். மணி ரோஸ் நிறமானால் மாற்றவேண்டும். பேட்டரி ஸ்டிக்கரைத் தேவைப்படும்போதுதான் உரிக்கவேண்டும்; உரித்தால் காற்றுப் புகுந்து உயிர் வரும், போட்டாலும் போடாவிட்டாலும் அன்றிலிருந்து கரையும். எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்கிறவர்கள் எப்படிக் கெடுப்பது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லிவிடுகிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். அவர் டீக்கடைக்குப் போனார், போனில் மகளோடு தானே பேசினார். கூட்டாளிகள் வீட்டுக்கு வந்து சிரித்தார்கள். நான் காபி போட்டேன். ஒருநாள் பழக்கதோஷத்தில் துண்டுக்குள் கையை விட்டேன். "வாயில சொல்லு புள்ள, அதான் கேக்குதுல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மெஷினை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. உடைந்தால் இளவேனில் மறுவாரமே வேறு வாங்கி வருவாள். எனவே ரோஸ் மணியை மாற்றாமல் வைத்தேன். அச்சின் துவாரத்தில் கொஞ்சம் அழுக்கை இருக்கவிட்டேன். பேட்டரி அட்டை வந்ததும் எல்லா ஸ்டிக்கரையும் உரித்து, அலமாரியில் காற்றாட வைத்து, பிறகு ஒட்டிவைத்தேன். மெஷின் நன்றாக ஓடும், திடுமென்று நிற்கும். நின்றதும் அவர் என்னைத் தேடுவார். கையை நீட்டுவார். அவருக்கு அந்த மெஷின்மேல் நம்பிக்கை போகட்டும் என்றுதான் நினைத்தேன். அவருக்கு அதன்மேல் நம்பிக்கை போகவே இல்லை, அதுதான் சங்கடம்.

பேட்டரி தீரப்போகும்போது கீக் கீக் என்று சத்தம் வரும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவர் என்னிடம் கேட்டார்: "ஏ புள்ள, அப்பப்ப குருவி மாதிரி கீக்குங்குதே, அது என்னா?"

"அது நல்லா ஓடுதுன்னு சொல்லுதுங்க," என்றேன்.

அவர் நம்பினார். காது போன நாளிலிருந்து நான் சொன்னது எதையுமே அவர் சந்தேகப்பட்டதில்லை.

போன மாதம் சந்தை நாளன்று காலையில், என் கையால்தான் பேட்டரி போட்டு மாட்டிவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். நானும் வருகிறேன் என்றேன். "மெசினு இருக்குல்ல புள்ள, நீ எதுக்கு?" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "இந்தா, கீக்குங்குது பாரு. ஜோரா ஓடுது."

நல்ல பேட்டரி என் சுருக்குப்பையில் இருந்தது. நான் சரி என்று தலையாட்டினேன்.

காது கேட்காதவன் ரோட்டில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துத்தான் நடப்பான். காது கேட்கிறது என்று நம்புகிறவன் திரும்ப மாட்டான். ஆளில்லாத ரோடு, மெஷின் நின்றது அவருக்குத் தெரியாது. ஊர் அமைதியாக இருக்கிறது என்று நினைத்திருப்பார். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றிவந்த வேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடலாம்தான், கூப்பிட்டால் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம் என்பீர்கள். மெஷின் இருக்கிறதே, நீ எதற்கு என்று அவர்தானே சொன்னார்.

வேன் டிரைவர் சுருளிவேல்மேல் கேஸ் நடக்கிறது. ஹார்ன் அடித்ததாக அவர் சொல்வதை யாரும் நம்பவில்லை, காதில் மெஷின் மாட்டியிருந்தவருக்கு எப்படிக் கேட்காமல் போகும் என்கிறார்கள். அந்த டிரைவரின் சம்சாரம் வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கும் காபி கொடுத்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த டிரைவர் ஹார்ன் அடித்தார். கையை எடுக்காமல் அடித்தார்.

நீங்கள் போலீசில் சொன்னால் சொல்லுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் புது மெஷின் இனி எதற்கு? அவர் எங்கேயும் போகப்போவதில்லை. அவருக்குப் பேச்சும் போய்விட்டது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நாள் முழுக்க நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் துண்டைத் துவைத்து, எங்கள் கைகளின்மேல் போட்டுவைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான். துண்டுக்குள் நான் தொட்டதும் அவர் கை முறுக்கி மூடிக்கொள்கிறது. அடிபட்டதில் நரம்பு சுருங்கியிருக்கும். இளவேனில் வந்து பிடித்தால் மட்டும் விரல்கள் விரிகின்றன. அது பழக்கமில்லாத கை, அதுதான் கூச்சத்தில் விரிகிறது. என் கை என்று தெரிந்தால்தான் அவர் நிம்மதியாக மூடிக்கொள்கிறார்.