தூரத்து மலையைத் தூரத்தில் நிறுத்தியவருக்கு

வெள்ளைத் துணியில் வெட்டவெளியை விரித்த வித்தகரே! அஞ்சாமையை அணிகலனாய்ப் பூண்ட அம்மையே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பிரிண்டிங் பிரிவின் டிசைனர், திருமதி ரோஸ்மேரி அவர்களே! வணக்கம்.

இந்த வாழ்த்து மடலில் பழைய கதை எதுவும் வேண்டாம் என்று அலுவலக அறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சொல்லத்தான் போகிறோம். அதை விட்டுவிட்டுத் தங்களை எப்படிப் பாராட்டுவது?

தூத்துக்குடிச் சீமையிலிருந்து திருப்பூருக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள்! அருகில் நிற்பதைப் பெரிதாக்கி, அப்பால் நிற்பதைச் சிறிதாக்கி, ஒன்றால் மற்றொன்றைப் பாதி மறைத்து, பனியனின் மார்பளவுத் துணியில் பத்துக் கல் தொலைவை அடக்கினீர்கள். உடுத்தியவர் எவரும் தங்கள் பெயரை அறியார். நாங்கள் அறிவோம்.

ஏழாண்டுகளுக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு டிசைன் வந்தது. மலைகளுக்கிடையே செல்லும் சாலை. அச்சான பனியனைப் பார்த்த பையர், சரக்கை வாங்க வந்தவர், படம் தட்டையாக இருக்கிறது என்று லாட் முழுவதையும் மறுத்துவிட்டார். பழியோ மை கலக்கும் மயிலாத்தாள் அக்காவின் தலையில் விழுந்தது.

"நான் கலவைய மாத்தவே இல்லீங்க சார்" என்று அவர் அழுதார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேலாளர். பிரிவே தரையைப் பார்த்து நின்றது. தாங்கள் மட்டும் முன்னே வந்தீர்கள்.

"அவ கைல தப்பில்ல சார், படத்துலதான் தப்பு. தூரத்து மல பக்கத்து மரங் கணக்கா கருகருன்னு நின்னா, கண்ணு எப்படி உள்ள போவும்? அவள அனுப்புனா என்னையும் அனுப்புங்க."

அந்த டிசைனை வரைந்தவர் முதலாளியின் மருமகன் என்பதை அறிந்தே சொன்னீர்கள்! அன்றே புதிதாக வரைந்தீர்கள். சாலையின் இரு ஓரங்களையும் தொடுவானத்தில் ஒரு புள்ளியில் சேர்த்தீர்கள். பின்னால் போகப் போக மலைகளை வெளிறிய நீலமாக்கினீர்கள். மை கலக்கியது அதே மயிலாத்தாள் அக்காவின் கைதான். மறுநாள் சாம்பிளில் சாலை மலைக்குள் ஓடியது. பையர் ஒப்புக்கொண்டார், அக்காவின் வேலை நிலைத்தது. தங்களைத்தான் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பதினான்கு மாதம் பெட்டி ஒட்டினீர்கள், ஒருநாளும் தலை குனியவில்லை.

அன்று வாய் திறக்காத வெட்கம் எங்களுக்கு இன்றும் உண்டு. ஆனால் கேளுங்கள் அம்மையீர்! தாங்கள் விடுப்பில் இருந்த சென்ற மாதம், அச்சு பிசகியதென்று, அச்சுப் போடும் பரணியை வெளியேற்றப் பார்த்தார்கள். "மொதல்ல டிசைனக் கொண்டாங்க, பக்கத்துல வெச்சுப் பாப்போமுங்க" என்று எழுந்தார் மயிலாத்தாள் அக்கா. அவர் பின்னால் பிரிவே எழுந்தது. டிசைன் வந்தது. தவறு அதில்தான் இருந்தது. பரணி இதோ, முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்!

நோய் அண்டாது, நோக்கு மங்காது, நூறாண்டு நிமிர்ந்து வாழ்க! இம்மடலின் ஒரு படி தங்கள் இல்லத்துக்கு. இன்னொன்று எங்கள் பிரிவின் வாசல் சுவரில் தொங்கும். கழற்றட்டும், பார்ப்போம்!

பெயர் மறைக்காமல் ஒப்பமிடும்
பிரிண்டிங் பிரிவுத் தொழிலாளர் அனைவரும்
திருப்பூர்