துப்பக் கற்ற நாக்கு

அஸ்ஸலாமு அலைக்கும்! அன்பு வணக்கம்!

அவையை ஆளும் தலைவி, காரைதீவு தந்த தகைமை, செல்லத்தங்கம் ஆசிரியை அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா என்ற அச்சத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மாரே! என் தங்கை ஜெனூபா இன்று தொடங்கும் தேயிலைச் சுவை வகுப்பில் சேர வந்திருக்கும் இளையோரே!

மேல்நாட்டிலே திராட்சை மதுவைச் சுவைக்கப் பழகுவதற்கென்றே பள்ளிக்கூடம் இருக்கிறதாம். கிண்ணத்தைச் சரித்து நிறம் பார்ப்பார்களாம். மூக்கை நுழைத்து மணம் பிடிப்பார்களாம். அந்தக் கிண்ணம் நமக்கு ஆகாது. அந்த ஆவலும் ஆகாதா? அந்த அறிவும் ஆகாதா? காலையில் தேத்தண்ணி, கடையில் தேத்தண்ணி, கல்யாண வீட்டில் தேத்தண்ணி, துக்கம் கேட்கப் போன மையித்து வீட்டிலும் தேத்தண்ணி! இத்தனை குடித்த நாம், அதன் சுவை என்னவென்று என்றாவது கேட்டோமா? அங்கே என்ன சொன்னீர்கள் உம்மா? சீனிச் சுவையா? ஓம், சரியான பதில்! நாம் எல்லோரும் இதுவரை சீனியைத்தான் குடித்து வந்திருக்கிறோம்!

ஜெனூபா கொழும்பில் ஒரு தேயிலை நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனாள். பரீட்சையில் தேறினால் சுவை பார்க்கும் வேலை. தவறினால் நம் சாய்ந்தமருதுக்குத் திரும்பும் பஸ். நீண்ட மேசை, நிரை நிரையாய் வெள்ளைக் கோப்பைகள். ஒரு கரண்டி எடுத்து, வாயில் சுழற்றி, துப்பிவிட வேண்டும். இவளோ துப்பவில்லை! எப்படித் துப்புவாள்? இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி வாயில் வைத்ததைத் துப்பினால் நம் வீட்டில் விடுவார்களா?

"துப்புங்க பிள்ள" என்றார் பயிற்றுநர் சுஜிந்தன்.

"வீணாக்கப்படா சேர்" என்றாள் இவள்.

"குடிக்கவா வந்த நீங்க? சுவ பாக்க வந்த நீங்க!"

அப்படியும் விழுங்கினாள். நண்பகலாகுமுன் நாக்கு மரத்துப்போனது. எந்தக் கோப்பையை எடுத்தாலும் ஒரே சுவை. அழுதுகொண்டு எனக்கு அழைத்தாள். "ராத்தா, எல்லாம் ஒரே கயர்ப்பாத்தான் இரிக்கி. நான் தேற மாட்டன்." வாப்பாவும் "போதும், வீட்ட வா" என்றார். அவளோ வரவில்லை. அந்த வேளை பார்த்து ரமழான் நோன்பும் வந்தது. நோன்பு நாளிலேயே பரீட்சையும் வந்தது!

பரீட்சைக்கு முன் ஒருநாள், மாலை அஸர் தொழுகைக்குப் பின் மறுபடி அழைத்தாள். "ராத்தா, நான் துப்பிட்டன்!"

"ஆருக்கு மேல கா துப்பின?" என்று பதறினேன்.

சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். தங்கியிருந்த அறையில் நோன்புக் கஞ்சி காய்ச்சியவள், உப்புப் பார்க்க நுனிநாக்கில் வைத்தாள். துப்பினாள். துப்ப வராத தனக்குத் துப்ப வந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தாள். தாய்மாரே, நோன்பு மாதத்தில் கறிக்கு உப்புப் பார்க்கும் உங்களில் யாருக்குத் துப்பத் தெரியாது? யாருக்குத்தான் தெரியாது?

தேவைக்குச் சுவைத்துத் துப்பலாம், தொண்டைக்குள் இறங்கக் கூடாது என்று மௌலவியிடமும் கேட்டுத் தெளிந்தாள். நோன்போடு பரீட்சைக்குப் போனாள். நுனிநாக்கில் வைத்தாள், துப்பினாள், கொப்பளித்தாள். இது மழையில் நனைந்த புல் என்றாள். இது முறுகச் சுட்ட பாணின் ஓரம் என்றாள். இது ஈரச் சாக்கில் கிடந்த தேயிலை என்று எடுத்து ஒதுக்கினாள்.

"இவ்வளவு நாளும் இந்தச் சொல்லெல்லாம் எங்க இருந்திச்சி?" என்று கேட்டார் சுஜிந்தன்.

"சேர், ஒரு துளி உள்ளுக்குப் போயிடும் எண்ட பயத்தில, நாக்கிலயே நிண்ட நான்."

கேட்டீர்களா சபையோரே? நாக்கிலேயே நின்றாளாம்! அதுவல்லவா கவனம்! அதுவல்லவா கல்வி! விழுங்கியவற்றையெல்லாம் அறிந்ததாக எண்ணிவிட்டோமே! கேட்ட செய்தியை விழுங்குகிறோம், வந்த வதந்தியை விழுங்குகிறோம், ஒன்றையாவது நாவில் நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டோமா? இளையோரே, இந்த வகுப்பில் நீங்கள் கற்கப்போவது அந்தக் கேள்வியைத்தான்!

அன்று பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. ஈச்சம்பழத்தோடு நோன்பு திறந்தவளுக்குச் சுஜிந்தன் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம்.

"இதத் துப்பப்படா பிள்ள. குடிங்க. இனி நீங்க எங்கட ஆள்."

பொறுமையோடு செவி தந்த பெருமக்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வஸ்ஸலாம்! வணக்கம்!