பாமாக்கா கொடுக்கும் மிஸ்டு கால்

காலை எட்டு மணிக்கு முன்னால் நான் யாருடைய போனையும் அடிக்கவிட்டதில்லை சார். மற்ற வேட்பாளர்களின் ஆட்கள் விடிந்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள். ஜனங்களுக்குத் தூக்கம் வேண்டாமா?

எங்கள் வேட்பாளர் கோவிந்தப்பாவின் ஆன்லைன் பிரசாரம் முழுக்க என் பொறுப்பு. வாக்காளரின் பெயரைச் சொல்லி, கோவிந்தப்பாவின் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும். பிடித்திருந்தால் அதே எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், ஆதரவாளர் பட்டியலில் பெயர் ஏறிவிடும். மர்பி டவுனில் மட்டும் ஒரு தெருவே போனை எடுத்த வேகத்தில் வைத்தது. காரணம் பாமாக்கா.

அவருடைய ஒரே மகன் எத்திராஜ் எங்களுக்குக் கொடி, பேனர் கட்டுகிறவன். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, மழையில் பேனர் கட்டக் கம்பத்தில் ஏறியவன் கரண்ட் அடித்துப் போய்விட்டான். "எம் புள்ளைய ஏறச் சொன்னது யாருன்னு சொல்லட்டும், அப்புறம் ஓட்டுக் கேட்டு வரட்டும்" என்று பாமாக்கா வீடு வீடாகச் சொன்னார்.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. பாவம், அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தவிப்பார்? எத்திராஜ் எங்கள் குரூப்பில் போட்ட வாய்ஸ் மெசேஜ்கள் நிறைய இருந்தன. அவற்றை வைத்து அவன் குரலைக் கம்ப்யூட்டரில் உருவாக்க அரைநாள் வேலைதான். அவன் சிரிப்பைச் சரிசெய்யத்தான் நேரமானது.

செத்தவன் எப்படிப் பேசுகிறான் என்று அவர் கேட்கவில்லை. "அம்மா" என்று குரல் வந்ததும், "சாப்ட்டியாடா?" என்றார். பதிவைக் கேட்டு எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. "யாரும் என்னை ஏறச் சொல்லலம்மா. நானாத்தான் ஏறினேன். கோவிந்தப்பா அண்ணனுக்கு ஓட்டுப் போடு" என்றது குரல். மறுநாளிலிருந்து அவர் தெருவில் வாய் திறக்கவில்லை. ஓட்டும் போட்டார்.

"பேலன்ஸ் இல்லன்னா மிஸ்டு கால் குடும்மா, நான் கூப்பிடுறேன்" என்று எத்திராஜ் உயிரோடிருந்தபோது சொல்லிவைத்திருந்தானாம். அதனால் அவர் அந்தக் குரல் வந்த எண்ணுக்குத் தினமும் கொடுத்தார். ஒரே நாளில் நாற்பது வந்ததும் உண்டு. "யாருப்பா இது, நம்ம மேல இவ்ளோ பாசம்?" என்று கோவிந்தப்பா பூரித்துப்போனார்.

தேர்தல் முடிந்ததும் எல்லா லைனையும் மூடினேன். பாமாக்காவின் லைனை மட்டும் மூட மனசு வரவில்லை. என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் எத்திராஜ் அவரிடம் பேசுகிறான். பக்கத்து வீட்டு வீணா உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாரே, ஒரு நாளாவது அந்த அம்மாவைச் சாப்பிட வைத்திருக்கிறாரா?

ஏறச் சொன்னது யார் என்றுதானே நீங்களும் கேட்கிறீர்கள்? கம்பத்தின் கீழே ஃபேஸ்புக் லைவ் எடுத்துக்கொண்டிருந்தது நான். "பேனர் முழுசா தெரியல, இன்னும் ஒரு அடி மேல ஏறுடா" என்றதும் நான்தான். பயமா இருக்கு என்றான். லைவில் நூற்றுப்பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் சார்.

இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மகன் வாயாலேயே கேட்டு, இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறார். மேஜைமேல் என் போன் ஒருமுறை அடித்து நின்றதே, அது அவர்தான். கொஞ்சம் கொடுங்கள். நான் கூப்பிடாவிட்டால் அம்மா சாப்பிடமாட்டாள்.