வாடகைச் சோபா

— அதான் சொல்றேன், வீடு காலியா இருக்கறதுதான் வியாதி. நீங்களே பேசிப் பாருங்க, பேசினது திரும்பி வந்து நம்ம காதுலயே விழுது. வர்றவங்க வாசல்லேர்ந்து சமையலறை வரைக்கும் ஒரு நடை நடக்கறாங்க, "யோசிச்சுச் சொல்றோம்"னுட்டு செருப்ப மாட்டிக்கறாங்க. உள்ளதச் சொல்றேன், யோசிக்கப் போனவங்க யாரும் இதுவரைக்கும் யோசிச்சு முடிக்கல.

— தரகரே, நான் ஒண்ணு கேக்கறேன். வீடு வாங்க வர்றவங்களுக்கு நாம எதுக்குச் சோபா போடணும்? அவங்க சோபாவ அவங்க கொண்டு வந்துக்க மாட்டாங்களா?

— கொண்டு வருவாங்கம்மா. ஆனா அத எங்க போடறதுன்னு தெரியாம முழிக்கறாங்க. வெறும் அறை கண்ணுக்குச் சின்னதாத்தான் தெரியும். ஒரு கட்டிலப் போட்டுப் பாருங்க, அதே அறை பெரிசாயிடும். எப்படின்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. இதுக்குன்னே சாமான் வாடகைக்குத் தர்றாங்க. சோபா, சாப்பாட்டு மேசை, கட்டில், திரைச்சீலை, விளக்கு, பூச்சாடி எல்லாம் வரும். வீடு வித்ததும் அவங்களே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க.

— எனக்குச் சரின்னுதான் படுது. அக்கா என்ன சொல்றாங்களோ.

— என்னக் கேக்க என்ன இருக்கு? வீடு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சொந்தம். நீங்க சரின்னா சரிதான்.

— "நீங்க"ளா? ஓரகத்திய யாராவது அப்படிக் கூப்பிடுவாங்களா? நான் எப்பக்கா "நீங்க" ஆனேன்?

— ஆறு வருஷமாக் கண்ணுல படாதவங்கள நான் "நீங்க"ன்னுதான் சொல்றது.

— நான் மாடிக்குப் போய் ஜன்னல் எல்லாம் ஒழுங்கா மூடுதான்னு பாத்துட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்கம்மா.

— நழுவிட்டார் பாத்தீங்களாக்கா.

— பின்ன? நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கணும்னு தரகருக்கு என்ன தலையெழுத்தா?

— நிஜமாச் சொல்றேன், நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட எவ்வளவோ சொன்னேன். உங்க அண்ணன்கிட்ட நீங்களே போய்ப் பேசுங்கன்னு. "நீயே போயேன்"னு சொல்லிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட உக்காந்துட்டார். லீவு நாள்ல.

— எங்க வீட்டுலயும் அதே கதைதான். நான் பேச்ச எடுத்ததும் பெரியவர் பேப்பரத் தூக்கி மூஞ்சிக்கு முன்னால பிடிச்சுக்கிட்டார். தலைகீழா. அண்ணனும் தம்பியும் மூஞ்சில முழிக்க மாட்டாங்களாம், நாம வந்து வீட்ட வித்துக் குடுக்கணுமாம்.

— சிரிக்கிறீங்களாக்கா?

— தும்மல். ஒரே தூசியா இருக்கு.

— சரி, விடுங்க. சாமான் வாடகைக்கு எடுக்கறது ஏன் வேணாங்கறீங்க?

— பொய்யா இருக்கு. யாருமே இல்லாத வீட்டுல நாலு பேர் சிரிச்சுக்கிட்டு வாழற மாதிரி ஜோடிச்சு வைக்கறது. பூச்சாடியில பிளாஸ்டிக் பூ வேற சொருகுவாங்க.

— போட்டோ எடுக்கப் போனா தலை வாரிக்கறது இல்லையா? அதுவும் பொய்யா?

— தலை என்னோட தலை. சோபா என்னோடது இல்லையே.

— பேச்சுல உங்கள ஜெயிக்க முடியாதுக்கா. ஆனா தம்பிக்குப் பங்கு இருக்கற வீட்டுல இருக்க மாட்டேன்னு பெரியவர் வீம்புக்குப் பிடிச்ச வாடகை வீட்டுல, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்கு, முட்டியப் பிடிச்சுக்கிட்டு ஏறி இறங்கறது நீங்கதான். இது வித்தாத்தானே உங்களுக்குத் தரையில ஒரு வீடு?

— என் முட்டியப் பத்தி யார் சொன்னா?

— உங்க பையன்தான். எங்க வீட்டுப் பொண்ணும் அவனும் தினம் பேசிக்கறாங்க. உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும். தெரியாத மாதிரி இருக்கேன்.

— நானும்தான்.

— சரி, வரட்டும் சோபா. பிளாஸ்டிக் பூ மட்டும் வேணாம்னு தரகர்கிட்ட சொல்லிடு. சொல்லிடுங்க.

*

— அக்கா, அந்தப் பக்கம் பிடிங்க. இல்ல, வேணாம், உங்க முட்டி. நானே தள்ளிக்கறேன்.

— மேசைய ஜன்னல் ஓரம் போடாதே. மத்தியானம் வெயில் நேரா மேல விழும், யாரும் உக்கார முடியாது.

— யாரும் உக்காரவே போறதில்லையேக்கா. பாத்துட்டுத்தானே போகப் போறாங்க.

— இருந்தாலும். நம்ம மேசை நடுவுலதான் இருந்துச்சு.

— ஞாபகம் இருக்கு. அதுல ஒரு நாற்காலி ஆடும். நான் வேலை முடிஞ்சு வரும்போது அதுதான் எனக்கு மிச்சம் இருக்கும்.

— மிச்சமா? வீடே தூங்கின பிறகு எல்லா நாற்காலியும் காலியாத்தான் கிடந்துச்சு. நீயாப் போய் அதுல உக்காருவே.

— மூணாவது தடவை "நீ" சொல்றீங்க.

— எண்ணிக்கிட்டா இருக்கே? சாமான் கொண்டு வந்தவன் அந்த அலமாரியில புத்தகம் அடுக்கிட்டுப் போயிருக்கானே, பாத்தியா? ஒண்ண எடுத்துப் பிரிச்சுப் பாரு.

— பிரிக்க வரலையே. இது என்னது, உள்ள ஒண்ணுமே இல்ல. அட்டைப்பெட்டி.

— வெறும் முதுகுதான். அதுக்குத் தங்க எழுத்து வேற. நான் நூலகத்துல இத்தன வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், இப்படி ஒரு அநியாயத்தப் பாத்ததில்ல. நாளைக்கு என் புத்தகத்தக் கொண்டு வந்து வைக்கறேன். யாராவது கைய வச்சா, படிக்கறதுக்கு ரெண்டு வரியாவது இருக்கட்டும்.

— வைங்க. திரும்ப எடுத்துட்டுப் போகவும் மறந்துடாதீங்க. டீ ஊத்தட்டுமா? ஃபிளாஸ்க்ல கொண்டு வந்திருக்கேன். உங்களுக்குச் சக்கரை கம்மிதானே?

— கம்மிதான்.

— அக்கா, இப்ப கேக்கலாமான்னு தெரியல. மாடியில எனக்குன்னு தனியா ஒரு அடுப்பு வச்சுக்கறேன்னு சொன்னேனே, அன்னைக்கு உங்களுக்கு ஏன் அவ்வளவு கோவம்?

— கோவம்னு யார் சொன்னா?

— ஒரு வார்த்தை பேசலையே நீங்க. கையிலிருந்த கரண்டியக் கீழ வச்சுட்டு உள்ள போயிட்டீங்க. அப்புறம் சின்னவர் போய்ப் பெரியவர்கிட்ட கேக்க, அவர் "வீட்டப் பாகம் பிரிக்கப் பாக்கறியா"ன்னு கத்த, பதிலுக்கு இவர் கத்த. நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போனவதான், இந்தப் படியத் திரும்ப மிதிக்கல. சாமானக்கூட அவர்தான் வண்டி வச்சு எடுத்துட்டு வந்தார்.

— தெரியும். உன் துணிய எல்லாம் மடிச்சுக் குடுத்ததே நான்தான்.

— நீங்களா மடிச்சீங்க? அவர் சொல்லவே இல்லையே.

— அவன் என்னைக்கு எதச் சொல்லியிருக்கான்? பேசறதுக்கே கூலி கேக்கற வம்சம்.

— நான் எதுக்கு அடுப்பு கேட்டேன் தெரியுமாக்கா? ஆஸ்பத்திரி லேப்ல ரெண்டாவது ஷிஃப்ட் முடிச்சு நான் வர்ற நேரத்துக்கு நீங்க தூங்காம உக்காந்திருப்பீங்க. சாப்பாட்டச் சுட வச்சு எடுத்து வச்சுட்டு, எதிர்லயே உக்காந்துக்குவீங்க. எனக்குத் தொண்டையில இறங்காது. நம்மால ஒரு மனுஷி தூக்கத்தக் கெடுத்துக்கறாங்களேன்னு உறுத்தும். உங்க மூஞ்சியில வேற எழுதி ஒட்டியிருக்கும்.

— என்னன்னு?

— "இவளுக்காக நான் கிடந்து சாகறேன்"னு.

— அடிப்பாவி.

— இல்லையா?

— நான் ஒண்ணு கேக்கறேன். பகல் பூரா நான் நூலகத்துல உக்காந்துக்கிட்டு, பேசாதே பேசாதேன்னு பிள்ளைங்கள அடக்கிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தா பெரியவர் பேப்பருக்குள்ள. பையன் கம்ப்யூட்டருக்குள்ள. நான் யார்கிட்ட வாயத் திறக்கறது? நீ வர்ற நேரம்தான் எனக்குப் பேச்சு. லேப்ல எந்தத் தடியன் ஊசியப் பாத்து மயங்கி விழுந்தான், எந்த டாக்டரம்மா யாரோட சண்டை. இதக் கேக்கத்தான் உக்காந்திருந்தேன். உனக்காகவாம். எனக்காகடி.

— அக்கா.

— தனி அடுப்பு வேணும்னு நீ சொன்னதும், சரி, நம்ம சகவாசம் இவளுக்குச் சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். அதுக்குச் சண்டையா போட முடியும்? மூஞ்சியக் காட்டிக்க வேணாம்னு உள்ள போயிட்டேன்.

— இத அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— நீயும்தான் சொல்லியிருக்கலாம். டீ ஆறுது பாரு, குடி. குடிச்சுட்டு அந்த விளக்க இந்த மூலைக்கு நகத்து. சுவர்ல இருக்கற கறை தெரியாம இருக்கும்.

— பொய் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?

— கறைக்கு வெளிச்சம் போட்டுக் காட்டச் சொல்லலையே.

*

— அம்மா, நான் சொன்ன குடும்பம் இவங்கதான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து வாங்கறாங்க. மத்தவங்க எல்லாம் மொட்டை மாடி பாக்க ஏறிட்டாங்க. இவங்க சின்ன மருமக, உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். உள்ளதச் சொல்றேன், வீடு எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. பாத்துப் பேசுங்க. நான் மேல போறேன்.

— வாம்மா, உக்காரு. தண்ணி குடிக்கறியா?

— வேணாம் ஆன்ட்டி. வீட்ட ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. இந்தச் சோபா எங்க வாங்கினீங்க?

— வாங்கலம்மா. வாடகை. கட்டில், திரைச்சீலை, விளக்கு எல்லாமே வாடகைதான். அந்த அலமாரியில இருக்கற புத்தகமும் வீடும் மட்டும்தான் எங்களது.

— அக்கா, கொஞ்சம்.

— கேட்டாச் சொல்லணும்ல?

— பரவால்ல ஆன்ட்டி. இதுக்கே உண்மையச் சொல்றீங்கன்னா, நான் கேக்கப் போறதுக்கும் சொல்லுவீங்க. நீங்களும் எங்கள மாதிரி ரெண்டு குடும்பமா இங்க இருந்தீங்கன்னு தரகர் சொன்னார். அப்புறம் ஏன் விக்கறீங்க?

— அது வந்தும்மா, எனக்கு வேலை கொஞ்சம் தூரம், அக்காவுக்கு மாடி ஏற முடியல.

— பிரிஞ்சுட்டோம்மா. அண்ணனும் தம்பியும் பேசிக்கறதில்ல.

— அக்கா, இவங்க வீடு வாங்க வந்தவங்க.

— வாங்கினா வாங்கட்டும், வாங்காட்டிப் போகட்டும். இந்தப் பொண்ணு ராவெல்லாம் யோசிச்சுட்டு வந்து கேக்கற மாதிரி இருக்கு.

— வீட்டுல ஏதாவது குறையா ஆன்ட்டி?

— வீட்டுமேல ஒரு குத்தமும் இல்ல. மழைக்கு ஒழுகாது, தண்ணி நிக்காம வரும். நாங்க ஒரு அடுப்பால பிரிஞ்சோம்.

— அடுப்பாலயா?

— ஏம்மா, முகம் இப்படி ஆயிடுச்சு?

— நான் கேக்க வந்ததே அதுதான் ஆன்ட்டி. எனக்கு மாடியில சின்னதா ஒரு தனிச் சமையலறை வேணும். எங்க அக்கா நல்லவங்கதான், பெரிய மருமக. ஆனா நான் வாயத் திறந்து கேட்டா, ஒதுங்கிப் போறேன்னு நினைச்சுப்பாங்களோன்னு பயமா இருக்கு. அதுக்கு முதல்ல இடம் இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்னு பாத்தேன். இடமே இல்லன்னா கேக்கவே வேணாமில்ல.

— கேட்டுடும்மா. எதுக்காகக் கேக்கறேங்கறதையும் சேத்துச் சொல்லிடு, அதுதான் முக்கியம். ஆனா மாடியில அதுக்கு வசதி கிடையாது. குழாய் ஒண்ணும் மேல போகல, எல்லாம் புதுசா இழுக்கணும். நானும் ஒரு காலத்துல கேட்டவதான், அதனால எனக்குத் தெரியும்.

— இருக்கு.

— என்னக்கா இருக்கு?

— மாடியில பின்பக்க அறைக்குப் போம்மா. ஜன்னலுக்குக் கீழ சுவரத் தட்டிப் பாரு, ஒரு இடத்துல மட்டும் சத்தம் வேற மாதிரி கேக்கும். உள்ள தண்ணிக்குழாய் வந்து நிக்குது. கழிவுத் தண்ணி போகவும் வழி விட்டிருக்கு. மேல பூசி மறைச்சிருக்கேன், அவ்வளவுதான். லேசா உடைச்சாப் போதும்.

— அது யார் போட்டது? நான் இருந்த வரைக்கும் அங்க ஒண்ணும் இல்லையேக்கா.

— நீ உங்கம்மா வீட்டுக்குப் போன மறுநாளே ஆள் கூப்பிட்டேன். பெரியவர் கத்தினார், கத்தட்டும்னு விட்டுட்டேன். அடுப்பு தனியா இருந்தாலும் ஆளு ஒரே வீட்டுல இருக்கட்டும், வேலை முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்டி. சமையல் மேடைக்குக் கல்லு வந்து இறங்கின அன்னைக்குத்தான், உன் சாமான ஏத்த வண்டியும் வந்து நின்னுச்சு.