ஹார்லன் பார்த்த இருட்டு

பின்னிரவு, மணி இரண்டரை. நெவாடா பாலைவனத்துக்கு நடுவே, விடிய விடிய ஒரு வண்டிகூட வராத சாலை. நம் ஊர் லைலின் அக்கா ஓபலுக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

அன்று ஒரு வால்நட்சத்திரம், ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போக வேண்டும். கண நேரம்தான். அதைப் பிடிக்க, வானம் பார்க்கும் சங்கத்தார் சாலையோரமாக மைலுக்கு ஒருவராக டெலஸ்கோப்போடு உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் ரேடியோ நொடிக்கு நொடி 'டிக்' என்று அடிக்கும். நட்சத்திரம் மறைந்ததும் "போச்சு!" என்று கத்த வேண்டும். திரும்பியதும் "வந்துட்டு!" எல்லாம் டேப்பில் பதியும். நடுவில் இடியே விழுந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தப் பதிவு செல்லாது.

போன தடவை அதே இடத்தில் உட்கார்ந்தவன் ஓபலின் கணவன் ஹார்லன். ஒரு நட்சத்திரம் இல்லை, டெலஸ்கோப்பில் தெரிந்த அத்தனையும் மறைந்தது என்றான். சங்கத் தலைவன் ராய்ஸ் எல்லார் முன்னாலும் சிரித்தான்.

"வால்நட்சத்திரம் என்ன போர்வையா, ஹார்லன்? தூங்கிட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்!"

"நடுவுல கண்ணை எடுத்தியா?" என்று ஓபல் வீட்டில் கேட்டாள். அதற்கு மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. புளுகன் என்ற பெயரோடு அந்தக் குளிர்காலத்திலேயே செத்துப்போனான். அந்தப் பெயரைத் துடைக்காமல் ஓபலுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இன்று அதே இடத்தில் அவளே டெலஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு ராய்ஸ் மேல்தான் சந்தேகம். அடுத்த மைலில் இருந்தவன் அவன்தானே. வால்நட்சத்திரமோ அடிவானத்தில். டெலஸ்கோப் குழாய் ஏறக்குறைய படுத்தே இருக்கும். எவனாவது முன்னால் வந்து நின்றால் எல்லாம்தான் மறையும்... இன்றைக்கும் வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

டிக்... டிக்...

சரளைக்கல் நசுங்கியது. வந்துட்டான், திருட்டுப் பயல்.

ஆனால் வாசனை... ராய்ஸ் எப்போதும் மெல்லும் புதினாப் புகையிலை இல்லை. மழையே பெய்யாத இரவில் ஈரமண் வாசனை. புதிதாகத் தோண்டிய மண்.

சட்டென்று எல்லாம் இருட்டு. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

"போச்சு!"

தலையைத் தூக்கி நாலு வார்த்தை திட்டத்தான் நினைத்தாள். ஆனால் கண்ணை எடுத்தால் இவளும் புளுகிதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் சில்லென்று மூச்சு பட்டது. எதிரிலிருந்து...

டிக்... டிக்... டிக்...

"வந்துட்டு!"

நிமிர்ந்தாள். யாரும் இல்லை.

வண்டியை விரட்டிக்கொண்டு ராய்ஸிடம் போனாள். அவன், துணைக்கு வந்திருந்த டெல்மாவோடு காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"வெட்கமா இல்ல உனக்கு? என் குழாய் முன்னாடி வந்து நின்னியே!"

"நானா? இந்த நாற்காலியை விட்டே எழுந்திரிக்கல. டெல்மாவைக் கேளு."

"எங்கேயும் போகல, ஓபல். நான் கூடவேதான் இருக்கேன்," என்றாள் டெல்மா.

"புருஷன் விட்ட கதையை நீயும் ஆரம்பிச்சுட்டியா?" என்றான் ராய்ஸ்.

ஓபல் டேப்பை ஓட்டினாள். டிக்... சரளை... "போச்சு!"... டிக்...

அப்புறம் ஓர் ஆண் குரல். மைக்குக்கு வெகு கிட்டே, கிசுகிசுப்பாக. அங்கே உட்கார்ந்திருந்தபோது அவள் காதில் விழாத குரல். ராய்ஸின் காபி மடியில் கொட்டியது. அவனுக்கும் அந்தக் குரலை நன்றாகத் தெரியும்.

"கண்ணை எடுத்துடாதே, ஓபல்... நான் எடுத்துட்டேன்."